வடக்கே சூலம், ஓஸ்லோவுக்கு மூன்று டிக்கெட்

டிக்கெட் போட்டுக்கொடுக்கும் தொழிலில் பெரிய தொல்லை, பயணம் போவது ஒருவர், வயிறு கலங்குவது இன்னொருவர் என்பதுதான். எண்பதுகளின் பின்பாதியில் ஆக்லாந்தின் பக்குரங்கா கடைத்தொகுதியில், ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பயண அலுவலகத்தில் வேலை பார்த்தேன். முதலாளி பிரையன், நான், ஓயாத ஒரு தொலைபேசி. தமிழர் யார் எங்கே போவதென்றாலும் என்னைத் தேடி வருவார்கள். போன இடத்தில் பெட்டி தொலைந்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். உங்களில் யாராவது இந்த வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால், இதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

பனி பார்க்கப் போகிறார்களாம்

ஒருநாள் மூன்று சிநேகிதிகள் வந்து உட்கார்ந்தார்கள். கோயம்புத்தூர்க்காரி சுசீலா, பள்ளி ஆசிரியை. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து புக்கெகோஹியில் குடியிருந்த லெட்சுமி, காய்கறி பொதிசெய்யும் கொட்டகையில் மேற்பார்வை. மனுரேவாவில் இருந்த மலர், எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முதியோர் இல்லத்தில் தாதி. டிசம்பர் தொடக்கத்தில் லண்டனில் சுசீலாவின் தங்கைக்குக் கல்யாணம். அது முடிந்ததும் மூவரும் ஓஸ்லோவில் நாலு நாள் சுற்றிப்பார்க்க வேண்டுமாம். பாரிஸை விட்டுவிட்டு மத்தியானமே இருட்டுகிற ஊருக்கு எதற்கு என்று பிரையன் கேட்டார். பனி பார்க்க என்றாள் லெட்சுமி, கொஞ்சம் அவசரமாக.

மற்ற இருவரும் விளம்பரப் படங்களைப் புரட்டப் போனதும் மலர் நாற்காலியை என் பக்கம் இழுத்தாள். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வீட்டார் ஆளுக்கொரு திசையாகப் போனதில், அவளுடைய ஒரே தம்பி நார்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் இருக்கிறான். ஓஸ்லோவுக்கு வந்து காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான். தனியாகப் போக இவளுக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் சிநேகிதிகளுக்குத் திடீரென்று பனி மேல் ஆசை. மலர் குரலைத் தாழ்த்தினாள்.

"போகேக்க அவனுக்கு மீசையும் முளைக்கேல்லை அக்கா. இப்ப கண்டால் ஆளை மட்டுக்கட்டுவனோ, தெரியாமல் விட்டிடுவனோ எண்டுதான் பயமாக் கிடக்கு."

பாஸ்போர்ட் முதலில் கிளம்பிவிட்டது

மற்ற இருவரிடமும் நியூசிலாந்து பாஸ்போர்ட். மலரிடம் இலங்கைப் பாஸ்போர்ட். லண்டன் விசா எப்படியோ கிடைத்துவிட்டது. நார்வே விசாவுக்குப் பாஸ்போர்ட்டை உடனே வெலிங்டனுக்கு அனுப்ப வேண்டும். கொண்டுவா என்று சொல்லி ஒரு வாரமாகியும் ஆளைக் காணோம். தொலைபேசியில் பிடித்தேன். விமானத்தில் இடம் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்றாள். ஆக்லாந்திலிருந்து எங்கே போனாலும் வடக்குத்தானே? அதனால் ஒரு நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து, பையில் ஒரு சேலையும் மஞ்சள் துண்டும் பாஸ்போர்ட்டும் வைத்து, முன்கூட்டியே லெட்சுமி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பை வெளிக்கிட்டால் பயணம் வெளிக்கிட்ட கணக்கு. இனி அது அவள் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது.

மலர் கிளம்பிவிட்டாளா என்று பிரையன் கேட்டார். கிளம்பிவிட்டாள், ஆனால் வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போனார். எனக்கோ சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. நானும் அப்படிப் பை அனுப்பி வந்தவள்தானே. கடைசியில் லெட்சுமிதான் வழி கண்டுபிடித்தாள். பையைக் கொண்டுவந்து என் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"வீட்டுக்குத்தானே திரும்பக் கூடாது? ஆபீசுக்கு வரலாம் லா. இனிமே இது உங்க பொறுப்பு, அக்கா."

கோடையில் குளிர்கோட்டு

அந்தப் பருவத்தில் ஆக்லாந்துக் கடைகளில் நீச்சலுடையும் கடற்கரைத் துண்டும்தான் கிடைக்கும். கனத்த கோட்டு கேட்டால் விற்பனைப் பெண் நம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள் போலிருக்கும். ஓஸ்லோவில் விறைத்துப்போய்விடுவார்களோ என்ற கவலையும் என் தலையில் ஏறியது. மறுபடியும் லெட்சுமிதான். கொட்டகையில் குளிரறைக்குள் வேலை செய்பவர்கள் போடும் பஞ்சு வைத்த கோட்டு மூன்றை இரவல் வாங்கி வந்தாள். ஆண்களுக்கானவை, முழங்கால்வரை தொங்கின, தலைக்கு முக்காடும் உண்டு. அலுவலகத்தில் போட்டுப் பார்த்தார்கள். பிரையன் ஜன்னலைத் திறந்துவைத்தார். சுசீலா கோட்டின் கையை மூக்கிடம் கொண்டுபோனாள்.

"ஏனுங்க லெட்சுமி, கல்யாணப் பட்டோட இதையா வெக்கறது? ஒரு மூட்டை வெங்காய வாடை அடிக்குதுங்க."

வெலிங்டனிலிருந்து ஒரு கேள்வி

பயண நாள் நெருங்கியது, பையிலிருந்து எடுத்து நான் வெலிங்டனுக்கு அனுப்பிய பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. தபால்காரர் மருந்துக்கடைக்குள் நுழையும்போதே நான் எழுந்து நிற்பேன். மதியச் சாப்பாடு டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு காலை விசா அலுவலகத்திலிருந்து தொலைபேசி. ஒரு பெண் குரல், மரியாதையாக, ஒரே கேள்வி: இந்தப் பயணிக்கு நார்வேயில் உறவினர் யாராவது இருக்கிறார்களா? கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், போனவள் அங்கேயே தங்கிவிடுவாள் என்று நினைத்து மறுக்கலாம். பனி பார்க்க என்று சொல்லிவிட்டால் சுலபம். என்ன சொல்லட்டும் என்று வேலையிடத்துக்கே அழைத்து மலரிடம் கேட்டேன். பின்னால் யாரோ கிழவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஒருத்தரும் இல்லையெண்டு என்னண்டு அக்கா சொல்லுறது? கூடப்பிறந்ததெண்டு எனக்கு அவன் ஒருத்தன்தான் மிச்சம். ஓம், தம்பி இருக்கிறான் எண்டே சொல்லுங்கோ."

வெங்காயமும் மீனும்

சொன்னேன். விசா அலுவலகப் பெண் நன்றி என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு தபால்காரரைக் காணவே பயம். கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை உறை வந்தது. பிரித்துப் பார்க்கும் தைரியம் இல்லாமல் பிரையனிடம் நீட்டினேன். அவர் பக்கம் புரட்டி, விசா இருக்கிறது என்றார். நான் மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன். செவ்வாய்க்கிழமை பையை நானே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் மலர் கையில் கொடுத்தேன்.

கவலை அதோடு விட்டதா? ஐரோப்பாவில் கடும் பனி என்று தொலைக்காட்சி சொன்ன ஒவ்வொரு முறையும் எழுந்து நடந்தேன். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன், வெயிலில் வியர்க்க வியர்க்க, மலர் அலுவலகத்துக்கு வந்தாள். ஓஸ்லோ ரயில் நிலையத்தில், முக்காடு போட்ட இவளும் தாடி வைத்த தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் தேடியிருக்கிறார்கள். அவன் சேலை கட்டிய அக்காவைத் தேடினான். இவள் மீசை முளைக்காத தம்பியைத் தேடினாள். இருட்டிவிட்டது, அவன் வரமாட்டான் என்று நினைத்து இவள் முக்காட்டைத் தள்ளிக் கண்ணைத் துடைத்தபோதுதான் அவன் பார்த்தான். பார்த்தவன், ஓடி வராமல் இரண்டடி பின்னால் போனானாம்.

"'கிட்ட வராதையுங்கோ அக்கா, எவ்வளவு தோய்ஞ்சு குளிச்சாலும் என்னில மீன் மணக்குது' எண்டான். 'என்னில வெங்காயம் மணக்குது, வாடா' எண்டன்."

அன்றிலிருந்து டிக்கெட் கேட்டு வருகிறவர்களிடம் ஊரைப் பார்க்கப் போகிறீர்களா, ஆளைப் பார்க்கப் போகிறீர்களா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் என்றால் நான் மதியச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டுவிடலாம்.