அப்பாவின் ராணுவப் பதிவில் அம்மா

அப்பாவின் ராணுவப் பதிவில் அம்மாவின் பெயர் இருக்கிறது. அதில் பிழை இல்லை. ஊர், தபால் நிலையம், தகப்பன் பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன. பக்கத்தில் உறவு என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சகோதரியின் மகள்' என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். மனைவி என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

எழுதியிருப்பது பொய்யும் இல்லை. அம்மா அப்பாவுக்கு அக்கா மகள்தான்.

இரண்டாவது முறை பக்கவாதம் வந்து அப்பா படுத்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவின் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அம்மா இருக்காங்களா மேடம்? பென்ஷன் உத்தரவுல ஒய்ஃப்னு யாருமே இல்லையே. அப்பா இருக்கும்போதே இதைச் சரி பண்ணிருங்க. அவருக்கு அப்புறம்னா அம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது."

அப்பா இருக்கும்போதே. அந்த இரண்டு சொற்களோடு சங்கரன்கோவில் பேருந்து நிலையம் வரை நடந்து வந்தேன். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பென்ஷனை விட்டால் அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. பனவடலிசத்திரம் பக்கத்தில் இருந்த கரிசல் நிலம் அப்பாவின் முதல் ஆஸ்பத்திரிச் செலவில் போய்விட்டது. மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்த என் வேலையை, அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக விட்டிருந்தேன்.

பிழை எப்படி வந்தது என்று கேட்டபோது அப்பாவுக்குப் பேச்சு பாதி இருந்தது. வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்.

அவருக்குத் தாய் தகப்பன் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது அக்கா. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பியபோது, சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் வைத்து அக்கா சொன்னாள்: "யாரு பேரைக் கேட்டாலும் எம் பேரைச் சொல்லாதல. அவ பேரைச் சொல்லு. ஒனக்குன்னுதான பெத்து வச்சிருக்கேன்." 'அவ' அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். 'நீ செத்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்' என்று எழுத்தர் கேட்டதும் அப்பா அந்தச் சிறுமியின் பெயரைச் சொன்னார். 'என்ன உறவு' என்றார் எழுத்தர். அக்கா மகள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

பல வருடங்கள் கழித்து விடுப்பில் வந்து அவளையே கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். கல்யாணம் ஆனவர்கள் அதை யூனிட் ஆபீசில் எழுதிக்கொடுக்க வேண்டும். கூட இருந்தவர்கள் நினைவுபடுத்தியிருக்கிறார்கள். "எங்க வீட்டு ஆளு பேரு முன்னமே ஏறியாச்சு" என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுகிறவன், கல்யாணத்தன்று புதிதாக ஓர் உறவைத் தேடிக்கொண்டதாக நினைக்க மாட்டான். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கு ஒரு தாலி, ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற அன்று எழுத்தர் அம்மாவின் பெயரைக் காட்டிச் சரியா என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அம்மாவை அவர் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனதே இல்லை. நான் பிறந்ததும் அந்தப் பதிவில் இல்லை. ராணுவத்தைப் பொறுத்தவரை அவர் கல்யாணமே ஆகாமல் ஓய்வு பெற்ற மனிதர்.

திருத்தம் கேட்டு வடக்கே இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினேன். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், கல்யாணத்தைப் பார்த்த இரண்டு பேரின் வாக்குமூலம் எல்லாம் வைத்தேன். இரண்டு பேரைத் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பெரியவர் கிடைத்தார். மற்றவர்கள் எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள். கடைசியில், பந்தலில் பாத்திரம் கழுவிய ஓர் அம்மாள் திருவேங்கடத்தில் மகள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்து, அங்கே போய்க் கைரேகை வாங்கினேன்.

பதில் வந்தது. மரியாதையான பதில்தான். இதே பெயரில் பதிவில் ஏற்கெனவே ஒரு சகோதரி மகள் இருக்கிறார். விண்ணப்பத்தில் சொல்லும் மனைவியும் அவரும் ஒருவரா, இருவரா? ஒருவர் என்றால் அது எப்படி என்று விளக்கவும். மேலும், முன்னாள் படைவீரர் தாமே இதை நேரில் உறுதிப்படுத்த வேண்டும்.

இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் நோட்டரி வக்கீலிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். அவருடைய மனைவியும் அக்கா மகள்தான்.

"இதுக்கு என்னத்த வெளக்கம் எழுத? அங்கன உள்ளவனுக்கு இதைப் படிச்சா மயக்கமே வந்துரும்."

"எழுதுங்க அண்ணாச்சி. அப்பாவுக்கு நாள் இல்ல."

சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார். எங்கள் சமூகத்தில் இது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம், சட்டமும் வழக்கத்தை ஒப்புக்கொள்கிறது என்று ஒரு பக்கம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மற்றவர்களின் செய்திகளை எத்தனையோ வருடம் திருத்திய கை. அந்த ஒரு பக்கத்தைத் திருத்தத் திருத்த, என் பெற்றோர் ஏதோ குற்றம் செய்தவர்கள் போலவே அது ஒலித்தது.

அப்பாவால் நேரில் போக முடியாது. ஆகவே மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்றார்கள். அவர் வருவதற்குள் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு போனது. டாக்டர் என்னை வெளியே அழைத்து, அடுத்தது வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றார்.

விசாரிக்க வேண்டியவர் வந்தது, கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டிருந்த நேரம். தேரடிப் பக்கம் வண்டியை விடவில்லை என்று தூரத்தில் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நடந்து வந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அம்மா அன்று காலையில்தான் கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து அப்பாவின் நெற்றியிலும் விழாத கையிலும் பூசியிருந்தாள். விழுந்த கையில் அல்லவா பூச வேண்டும் என்று கேட்டேன். "இருக்கதையாவது காப்பாத்தணும்லா" என்றாள்.

வந்தவர் கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, நல்லாருக்கீயளா? இந்தா நிக்காகள்லா, இவுக யாரு ஒங்களுக்கு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டார். அந்நிய மனிதர் முன்னால் 'என் பொண்டாட்டி' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தத் தெருவில் அவர் வயதுக்காரர் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"சொல்லுங்களேன் மாமா. இப்பப் போய் என்ன வெக்கம்?" என்றாள் அம்மா. "நேத்து வரைக்கும் கஞ்சியில உப்பு இல்லன்னு ஏச மட்டும் வாய் வந்துச்சுல்லா?"

"நீங்க சும்மா இருங்கம்மா. நீங்க சொல்லிக்குடுத்ததா ஆயிரும்." வந்தவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, குரலை மாற்றி, இந்தியில் அதட்டலாகக் கேட்டார்: "நம்பர், ரேங்க், நாம் போலோ!"

அப்பாவின் நல்ல கை தொடையை ஒட்டி நீண்டது. மோவாய் உயர்ந்தது. நம்பரை ஒரே மூச்சில் சொன்னார். ரேங்க், பெயர். ஒன்றுகூடக் குழறவில்லை. அப்படி ஒரு குரலை நாங்கள் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதே குரலில் அடுத்ததைக் கேட்டார். "ஷாதி ஹோ கயீ?" கல்யாணம் ஆகிவிட்டதா?

"நஹீ சாப்!"

இல்லை. உடனே, உரக்க, நேராக மேலே பார்த்துக்கொண்டு சொன்னார். வந்தவரின் பேனா தாளுக்கு மேல் நின்றது. அவர் மெதுவாக, இப்போது அதட்டாமல், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அதே மொழியில் கேட்டார்.

அப்பா அம்மாவின் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. பிறகு, யாரும் கேட்காமலே, "பெஹன் கீ பேட்டி, சாப்" என்றார். அக்கா மகள்.

ஆள் எடுத்த அன்று எழுத்தர் என்னென்ன கேட்டிருப்பாரோ, அதே வரிசையில் கேட்டுவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதே பதில்களை அவர் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. தன் பெயர் மட்டும் காதில் விழுந்திருந்தது.

"என்னட்டி சொன்னாக?"

"ஒன் பேரைச் சொன்னாக."

"பட்டாளத்துப் பாசையிலயா?"

"ஆமா."

அம்மா வந்தவரிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. முகத்தில் சிரிப்பு. "அப்ப முடிஞ்சிருச்சா சார்? காப்பி போடுதேன், இருங்க. சீனி போடலாம்லா?"

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். காப்பியை முழுதும் குடித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியாதாம்மா? எங்க அம்மையே எங்க ஐயாவுக்கு அக்கா மவதான். ஆனா அவரு வாயால கல்யாணம் ஆகலன்னு சொன்னதை நான் எழுதினா கத முடிஞ்சிச்சு. எழுதல. பேச்சுத் தெளிவா இல்லன்னு போடுதேன். இன்னொரு மட்டம் வாரேன். இனி இந்தி வேண்டாம். தமிழ்லயே சொல்ல வச்சிருங்க."

"எப்ப சார் வருவீங்க?"

"தபசு முடியட்டும்." என் தோளுக்கு மேலாக உள்ளே கட்டிலைப் பார்த்தார்.

நான் திரும்பி வந்தபோது அம்மா புற்றுமண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை வருவார், தமிழில் கேட்பார், பொண்டாட்டி என்று சொல்ல வேண்டும் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததைக் கவனித்தேன்.

அன்று சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போதே தொடங்கிவிட்டாள். ஒரு வாய் கொடுப்பாள். கரண்டியை நிறுத்திக் கேட்பாள். "நான் யாரு ஒங்களுக்கு?" அவர் அவளையே பார்ப்பார். சில சமயம் உதடு அந்தச் சொல்லுக்குக் குவியும், சத்தம் வராது. ஒரு விடியற்காலையில் வந்தது, முழுதாக. பக்கத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மறுபடி சொல்லச் சொன்னோம். சொல்லவில்லை.

தபசு முடிந்துவிட்டது. பந்தலைப் பிரிக்கிறார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா கரண்டியை வைத்துவிட்டு அவருடைய வாயைத் துடைக்கிறாள்.