துப்பாக்கிக்குச் சந்தனம்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு பழம்பொருள் கடை. இன்று ஆயுத பூஜை. இங்கே வேலை செய்யும் சிலிபின் வட்டாரத்துச் சாந்தி அக்கா, துடைப்பம், கத்தரிக்கோல், காற்றாடி என எதையும் விடாமல் சந்தனம் வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்கிறார். உள்ளே, எப்போதோ ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைக்குப் பரிசாக வந்த வெள்ளி முலாம் துப்பாக்கி. குழலை அடைத்துவிட்டார்கள், சுடாது. உடம்பெங்கும் செதுக்கு வேலைதான், ஆனால் அந்தப் பளபளப்பில் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை.

'தவுக்கே' என்று நாங்கள் அழைக்கும் முதலாளி லியோங், தமிழர்களோடு தோட்டத்தில் வளர்ந்த சீனர். தமிழிலேயே அதட்டுகிறார்.

"சாந்தி, அத மட்டும் தொடாதே லா!"

"தொடப்பத்துக்கே பொட்டு வச்சாச்சு தவுக்கே. கடையில உள்ள அசல் ஆயுதம் இது ஒண்ணுதான்."

கல்லாவில் இருக்கும் நான் சிரித்துவிடுகிறேன். வேறு வழியில்லாமல் அவர் பெட்டியைத் திறக்கிறார்.

அக்கா சந்தனத்தை இழுத்துப் பூசி, மேலாகத் துடைக்கிறார். மயிரிழைக் கோடுகளில் தங்கிவிட்ட சந்தனத்தில் கொடி தெரிகிறது, இலைகள் தெரிகின்றன, கைப்பிடிக்கு மேலே வாலைச் சுருட்டிய ஓர் அணில்!

லியோங் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிகிறார். "இத்தன வருசமா நான் பாக்கலயே!"

உடனே அலமாரியைத் திறந்து, செதுக்கு வேலை உள்ள வெள்ளித் தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்.

"இது ஆயுதமா தவுக்கே?"

"பூசு லா!"