எட்டாவது படித்தவனின் பாஸ்போர்ட்

தொண்ணூற்றொன்றில் என் மச்சினிச்சி எங்களைச் சிங்கப்பூருக்கு ஒரு வாரம் வரச் சொன்னாள். அவள் குழந்தைக்குக் காதுகுத்து. தனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால், தாய்மாமனுக்குப் பதிலாக குழந்தையை என் மடியில்தான் உட்கார வைக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

என் மனைவி பி.ஏ. படித்த டீச்சர். நான் எட்டாவதோடு நின்றவன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஹெல்பர். மாமன் மகள் என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். "டூரிஸ்டாத்தானே போறீங்க, போக வர டிக்கெட் இருந்தா போதும்" என்றார் டிராவல் ஏஜென்ட். ஒரகடத்திலிருந்து வேன் நிறைய சொந்தக்காரர்கள் மீனம்பாக்கம் வரை வந்து மாலை போட்டு உள்ளே அனுப்பினார்கள்.

குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, அதிலிருந்த ஒரு முத்திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"எட்டாவது சார்."

"அதான் இந்த முத்திரை. கூலி வேலைக்குப் போய் ஏமாந்துடக் கூடாதுன்னு போடுறது. சுத்திப் பாக்கப் போறதா இருந்தாலும், அதுக்குன்னு இருக்கிற ஆபீஸ்ல விலக்கு வாங்கிட்டு வரணும். அந்தம்மா டிகிரி, அவங்க போலாம். நீ தள்ளி நில்லு."

அவளை "அவங்க" என்றார், என்னை "நீ" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். காது இரண்டும் சூடாகிவிட்டது.

"நானும் போவல மாமா, வா வூட்டுக்குப் போலாம்" என்றாள் மனைவி.

"அந்தப் பொண்ணு காத்துக்கினு இருப்பா. நீ போ" என்றேன். அழுதுகொண்டே போனாள்.

வேன் கிளம்பியிருக்கும் என்று நினைத்து வெளியே வந்தேன். விமானம் ஏறுவதைப் பார்க்க எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னாடா, எதுனா மறந்துட்டியா?" என்றார் பெரியப்பா.

"என்னை வுடல பெரியப்பா. படிப்பு பத்தலையாம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். வேனில் ஏறியதும் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாளே, லீவு மிச்சமிருந்தும், வேலைக்குப் போனேன். அதிகாரி சொன்ன ஆபீஸ் பக்கம் போகவில்லை. இன்னொரு தரம் யாராவது எவ்வளவு படித்தாய் என்று கேட்பார்களே என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து மனைவி வந்தாள். காதுகுத்து போட்டோவில், மச்சினிச்சி வீட்டுக்காரரின் சிநேகிதர் மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு தைல பாட்டிலும் மாத்திரை அட்டையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இன்னா இது?"

"தங்கச்சி குடுத்தா. உனக்கு ஜுரம், அதான் வரலைன்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்காகச் சொன்ன பொய்தான். ஆனால் நான் படிக்காதவன் என்பது அவளுக்கும் மறைக்கவேண்டிய விஷயமாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.