வார்த்தை இல்லாத சாருகேசி

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிறார்கள். அவை சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. சரியில்லாததைத் தூக்கித் தனியே வைப்பதால் அங்கே எனக்கு நண்பர்கள் குறைவு. இருந்த ஒருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன். அவருக்குச் சொந்த ஊரே ஓசூர்தான், வீட்டில் கன்னடம். தமிழும் தெலுங்கும் அதே அளவுக்குத் தெரியும். மூன்றிலும் குறைவாகத்தான் பேசுவார். சாக்ஸபோன் வாசிப்பார். நான் விருதுநகர்ப் பக்கம். கீபோர்டு வாசிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்கண்டப்பள்ளியில் என் வாடகை வீட்டு மொட்டைமாடியில் இருவரும் சினிமாப் பாட்டு வாசிப்போம். ராகத்தில் அமைந்த பாட்டுகள் மட்டும். இதில் கொள்கை எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த கன்னடப் பாட்டுகள் எனக்குத் தெரியாது. என் தமிழ்ப் பாட்டுகளில் பாதி அவருக்குத் தெரியாது. ராகம் தெரிந்தால் ஒருவர் தொடங்கியதை மற்றவர் எப்படியாவது பிடித்துக்கொள்ளலாம்.

"இது என்ன சார்?" என்பார்.

"கல்யாணி."

"சரி."

எங்கள் பயிற்சியில் பேச்சு இவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ பாராட்டப் போகிறார் என்று நினைத்தோம். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த பெண்ணுக்கும் டூல் ரூம் பையனுக்கும் கல்யாணம் முடிவானது. பெண் காவேரிப்பட்டினம், தமிழ்க் குடும்பம். பையன் ஆனேக்கல், கன்னடக் குடும்பம். அவர்கள் விரும்பியதை இரண்டு வீடும் ஒருவழியாக ஏற்றுக்கொண்டன. வரவேற்பில் எந்த மொழிப் பாட்டு என்பதில் மட்டும் பெண்ணின் பெரியப்பாவும் பையனின் தாய்மாமாவும் ஒத்துப்போகவில்லை. கச்சேரிக்குப் பேசியிருந்த பாடகர் இருவரிடமும் போனில் பேசிப் பார்த்துவிட்டு, தனக்குத் தொண்டை கட்டிவிட்டதாகத் தகவல் அனுப்பினார்.

கல்யாணப் பெண் கேன்டீனில் எங்களைத் தேடி வந்தாள்.

"சார், வாய்ப்பாட்டுன்னா சண்டை ஆயிடும். நீங்க ரெண்டு பேரும் வெறும் மியூசிக்கா வாசிச்சுடுங்க. எந்த பாஷைன்னு யாரும் கேக்க முடியாது."

எங்கள் வாசிப்பை அவள் அதுவரை கேட்டதில்லை. நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

பாகலூர் சாலை மண்டபத்தில் கல்யாணத்தன்று மாலை தொடங்கினோம். மோகனத்தில் ஒன்று, ஹிந்தோளத்தில் ஒன்று. இடப்பக்கம் பெண் வீட்டார், வலப்பக்கம் பையன் வீட்டார். இரண்டு பக்கமும் எங்களைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவதாக நான் சாருகேசியில் ஒரு பழைய பாட்டை எடுத்தேன். தமிழ்ப் படத்தில் அது தாலாட்டு. பிறக்கப்போகும் குழந்தையை நினைத்துக் கதாநாயகி பாடுவாள். கல்யாணத்துக்குப் பொருத்தமான பாட்டு. பெண் வீட்டுப் பக்கம் ஒருவர் தலையாட்டினார். இரண்டு அத்தைகள் கல்யாணப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் சாக்ஸபோனில் என்னோடு சேர்ந்துகொண்டார். இந்த ஒரு பாட்டு அவருக்கு முழுவதும் தெரிந்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சரணத்துக்கு வரும்போது வலப்பக்கம் பேச்சு நின்றிருந்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை. தாய்மாமா எழுந்து நின்றார். மேடையில் மாப்பிள்ளை மாலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் அண்ணன் பக்கம் சாய்ந்து, "என்னண்ணா?" என்றேன்.

அவர் வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்தார். "கன்னடப் படத்துல இதே மெட்டு சாவு பாட்டு சார். அப்பா செத்துப்போவாரு. மகன் பாடுவான்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"உங்களுக்கு தெரியும்னு நெனச்சேன்."

மாப்பிள்ளையின் அப்பா முந்தின வருடம்தான் இறந்திருந்தார். துக்கத்துக்கு நாங்கள் இருவரும் ஷிஃப்ட் முடிந்து ஆனேக்கல் போய் வந்திருந்தோம். நான் கையை எடுத்துவிட்டேன். கீபோர்டில் போட்டிருந்த தபலா மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் பட்டனை என்னால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து எங்களை நோக்கி வந்தார். காலையிலிருந்து அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். சடங்கில் அப்பா செய்ய வேண்டியதையெல்லாம் தாய்மாமா செய்திருக்கிறார். நல்ல நாளில் எதற்கு என்று இறந்தவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து கைகூப்பினேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் மன்னிப்புக் கேட்கும் சொல் இல்லை. பேருந்துக்கும் காய்கறிக்கும் தேவையானதுதான் இருந்தது.

அவர் அண்ணனிடம் கன்னடத்தில் பேசினார். நிறுத்தி நிறுத்தி, நிறையப் பேசினார். முகம் நனைந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது. அண்ணன் கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினார்.

"பாதியில நிறுத்த வேணாமாம்."

"அவ்வளவுதானா?"

"வாசிங்க சார்."

முதலிலிருந்து எடுத்தோம். இந்த முறை தபலா போடவில்லை. அந்த அம்மா இருக்கைக்குத் திரும்பாமல் சாக்ஸபோனுக்குப் பக்கத்திலேயே நின்று அழுதார். மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்கி வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். பெண்ணும் பின்னாலேயே வந்தாள். தாய்மாமா உட்கார்ந்துவிட்டார். இடப்பக்கத்துக்கு விஷயம் தெரியாது. அத்தைகள் தாலாட்டைச் சன்னமாகக் கூடப் பாடினார்கள், தமிழில்தான். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சில இடங்களில் எனக்குச் சுரம் பிசகியது. இன்ஸ்பெக்‌ஷனில் வந்திருந்தால் நானே தனியே எடுத்து வைத்திருப்பேன்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் கைதட்டியது. பெரியப்பா வந்து, "தாலாட்டு பிரமாதம்ங்க, சம்பந்தியம்மாவே அழுதுட்டாங்க பாருங்க" என்றார். ஆமாம் என்றோம்.

சாப்பிட்டு வெளியே வந்து பைக்கில் கீபோர்டைக் கட்டும்போது அண்ணனிடம் கேட்டேன். "அந்தம்மா அவ்வளவு பேசினாங்களே. வேற என்ன சொன்னாங்க?"

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அவரு போனதுல இருந்து வீட்ல பாட்டே போடலியாம். டிவில வந்தாக்கூட பசங்க ஆஃப் பண்ணிடுவாங்களாம், அம்மா அழுவும்னு. இன்னைக்கு ஒருத்தராவது அவர நெனச்சு வாசிச்சீங்களேன்னாங்க."

"நாம நெனச்சு வாசிக்கலியேண்ணா."

"அத நான் சொல்லல."

பைக்கைக் கிளப்பினேன். பின்னால் ஏறி உட்கார்ந்தவர், சாக்ஸபோன் பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"கீபோர்டு சத்தம் கொஞ்சம் கம்மி பண்ணச் சொன்னாங்க. அதையும் நான் அப்ப சொல்லல."