பிரீமியம் குறைய யார் பேரை அடிப்பது

மருத்துவ இன்சூரன்ஸ் விற்பவனைக் கண்டால் உடம்பு நன்றாக இருப்பவன் ஓடுவான், நோயாளி துரத்துவான். இந்தத் தொழிலில் நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது அது. எனக்கு ராத்திரி சிவகாசி அச்சாபீஸில் மிஷின் வேலை, பகலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாலிசியின் பொடி எழுத்தை அகராதி வைத்து நானே படித்துக்கொண்டேன். காலையில் ஏழாயிரம்பண்ணையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நிற்பவர்கள்தான் என் வாடிக்கை. அவர்களில் கருப்பசாமியும் அவர் மனைவி முத்துலட்சுமியும் எனக்கு வாய்த்த கதை இது.

தொழில்: விவசாயம்

பட்டாசு வேலை என்று எழுதினால் பிரீமியம் கூடும். அதனால் அந்த வேனில் ஏறுகிற அத்தனை பேரும் பாரத்தில் விவசாயிகள். கருப்பசாமி வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். அவரும் அதையே எழுதச் சொன்னார். நாளைக்குத் தீக்காயம் என்று போய் நின்றால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது என்றேன். அவர் சொன்னார்:

"மூணு குறுக்கம் கரிசக்காடு கெடக்குண்ணே. மழை பேஞ்சா பட்டாசு ஓடாது, நான் காட்டுக்குத்தான் போவேன். மழையன்னைக்கு வந்து பாரத்த எழுதுங்க."

போன வருசத்து மிச்சம்

உள்ளதைத்தான் எழுதினேன். இருவருக்கும் தனித்தனி பாலிசி. தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் தவணை விழும்படி தேதி வைத்தேன். வேறு வாரம் என்றால் இந்தப் பக்கம் யாரிடமும் காசு பெயராது.

அந்த வருஷமே முத்துலட்சுமிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. மாத்திரையில் கொஞ்ச காலம் ஓட்டலாம், பிறகு ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். பாலிசியோ, இரண்டு வருஷம் விடாமல் ஓடினால்தான் அந்த ஆபரேஷனுக்குப் பணம் என்றது. ஒரு தவணை விட்டாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். புதுப்பிக்கப் போனபோது முத்துலட்சுமி புருஷனைக் காட்டிக் கேட்டார்:

"இவுக வருசம் பூரா ஒரு ஊசி கூடப் போடல. அந்த ரூவாய எனக்கு வரவு வச்சிக்கிட்டா என்னண்ணே?"

ஒரு பேர்

அடுத்த தீபாவளிக்குப் போனஸ் பாதிதான் வந்தது. காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் இரண்டு பேருக்குக் காணாது. யாராவது ஒருவர் பேரை அடிக்க வேண்டும். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கருப்பசாமி படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னார்:

"கலக்குற ரூமுல ஒண்ணு நடந்தா ஆசுபத்திரிக்கு என்ன சோலி? எம் பேர அடிங்க."

ஆபரேஷனுக்குப் பிறகு

மூன்றாம் வருஷம் விருதுநகரில் ஆபரேஷன் நடந்தது. கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டது. என் தொழிலில் இப்படி ஒரு நாள் அபூர்வம் என்பதால், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

முத்துலட்சுமி சாய்ந்து உட்கார்ந்து, இனி இவுக பேரைச் சேருங்க என்றார். அட்டவணையை விரித்தேன். விட்டதற்கு மீண்டும் புது பாலிசி, வயதும் ஒரு படி ஏறிவிட்டது, மருந்து அறைக்குத் தனிக் கூடுதல். தொகையைச் சொன்னேன். கருப்பசாமி ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்:

"அம்புட்டு ஆகுமா? சரி, அந்த ரூம விட்டு இவுகள வெளிய எடுக்க எம்புட்டு ஆகும், அதப் பாத்துச் சொல்லுங்க."

பிரீமியம் குறைய ஆயிரம் வழி சொல்லி விற்றவன்தான் நான், ஆனால் அந்தத் தொகை போட்ட அட்டவணையை எந்தக் கம்பெனியும் எனக்குத் தந்ததில்லை.