பால் கட்டிய நாள்

நாற்பதைத் தாண்டிப் பெற்ற பிள்ளை. ஆஸ்பத்திரியில் ஒழுங்காகக் குடித்தவள், வட்டக்கச்சி வீட்டுக்கு வந்த மறுநாள் என் மார்போடு கோபித்துக்கொண்டாள். வாய் வைப்பாள், வழுக்கும், விடுவாள், வீரிடுவாள்.

"பால் காணாது," என்றார் மாமி, என் கணவரின் தாய். "இந்த வயசில எங்க ஊறும்? பால்சுறா குடுத்தாத்தான் சரி."

தாய் சொன்னதும் என் கணவர் மோட்டார் சைக்கிளில் பூநகரிக்குப் பறந்தார். சுறா வந்தது. வறையாக வந்தது, குழம்பாக வந்தது, உள்ளியும் முருங்கையிலையுமாக வந்தது. தின்றேன். அவள் குடிப்பாளென்றால் வலையையும் சேர்த்துத் தின்றிருப்பேன்.

பின்னேரம் மார்பிரண்டும் கல். சட்டை பட்டால் உயிர் போனது. மாரியில் நிரம்பிய குளம் நான். கதவைத் திறக்கத்தான் ஆளில்லை. எழும்பினேன், நடந்தேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். பிள்ளையின் அழுகை மெலிந்துகொண்டே போனது. அதுதான் பயமாக இருந்தது.

குசினியில் மாமி பால்மாப் பேணியை எடுத்து வைத்து, தண்ணீரைக் கொதிக்கவிட்டார்.

"இண்டைக்கு மட்டும், பிள்ளை. பச்சைமண் பசியில கிடக்குது."

அவரில் பிழையில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் அந்தப் பேணியின் மூடி திறந்தால் நான் தோற்றுப்போவேன் என்றிருந்தது எனக்கு.

அப்போதுதான், பிள்ளை பெற்ற வீடுகளைப் பார்க்க வரும் எங்கள் பகுதி மருத்துவமாது ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். என்னைவிட இளையவள். கையைக் கழுவிவிட்டு வந்து மார்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆரக்கா உங்களுக்குப் பால் இல்லையெண்டது?"

"எல்லாரும்."

"இது வட்டக்கச்சி முழுக்கக் குடிக்கக் காணும்! கட்டிப்போச்சுது, அவ்வளவுதான். பந்து மாதிரி இருந்தா இந்தச் சின்ன வாய் எப்பிடிப் பிடிக்கும்? முதல்ல இளக்குவம்."

வெதுவெதுப்பான துணியை வைத்தாள். காம்பைச் சுற்றி விரல்களால் மெல்ல அமத்தச் சொன்னாள். ஒரு துளி. இன்னொன்று. பிறகு பீச்சியடித்து, எட்டிப் பார்த்த மாமியின் கையில் தெறித்தது.

"ஐயோ, இவ்வளவும் உள்ளுக்கையோ இருந்தது!" என்றார் மாமி.

"ஓம் மாமி. மிச்சச் சுறாவை எனக்குக் கட்டித் தாங்கோ," என்றாள் அவள், குசினி மணத்தை மோந்தபடி.

மாமி சிரித்துவிட்டார். மருத்துவமாது பிள்ளையை என் வயிற்றோடு அணைத்துக் கிடத்தினாள். "பொறுங்கோ அக்கா, வாய் ஆவெண்டு திறக்கட்டும்... இப்ப!" வழுக்கியது. இன்னொருக்கால். பிடித்தாள்.

"மற்றப் பக்கம் நீங்களே செய்யுங்கோ. அடிக்கடி குடுங்கோ. காய்ச்சல் கண்டா உடன எனக்குச் சொல்லுங்கோ," என்றுவிட்டுப் போனாள்.

மற்றப் பக்கம். என் விரல், என் துணி. இளகியது. காத்திருந்தேன். வாய் திறந்தது.

"இஞ்சரும், பிடிச்சிட்டாளோ?" திரைச்சீலைக்கு வெளியே என் கணவர்.

"சத்தம் போடாதையுங்கோப்பா."

வீடு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. ஒரு மிடறு. இடைவெளி. இன்னொரு மிடறு.

மாமி அடுப்பை நிப்பாட்டிவிட்டு வந்து, என் முதுகுக்குப் பின்னால் இன்னுமொரு தலையணையை வைத்தார்.