ஆத்தா காசும் வீரமுத்துவின் காலும்

மலேசியாவில், மூவார் ஊரிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள் கஸ்தூரி. நோய்நொடிக்கென்று ஊரைக் கூட்டி ஒரு நிதி தொடங்கினாள். செய்த ஒரே தப்பு, அதை அம்மன் கோயிலில் வசூலித்தது. வெள்ளிக்கிழமை பூசைக்கு எல்லாரும் வருவார்கள், வீடு வீடாக அலைய வேண்டாமே! காசை மஞ்சள் துணியில் முடிந்தும் வைத்தாள். வந்தது வினை. மூன்று வருஷம் ஒருவர் விடாமல் சந்தா கட்டினார்கள். மருந்துக்கென்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஆத்தாவுக்குக் கொடுத்ததை எவன் திருப்பிக் கேட்பான்?

இப்போது குலை வெட்டும் வீரமுத்துவின் காலில் முள் குத்தி, சர்க்கரை வியாதியில் புண் சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கால் போய்விடும். நிதியிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள் கஸ்தூரி. மனுஷன் கதவைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை.

“ஆத்தா காசுல ஏற மாட்டேன் தங்கச்சி. குத்தம் லா.”

“அலமாக்! அது உங்க காசுண்ணே, நீங்க கட்டுனது!”

“மஞ்சத் துணியிலதானே கட்டுனேன்?”

கஸ்தூரிக்குக் கோபம் தலைக்கேறியது. பாதிக் கோபம் தன்மேலேயே.

“சரிண்ணே, திருவிழாவுக்குக் காவடி நேந்திருக்கீங்கல்ல? நொண்டியடிச்சா தூக்குவீங்க? ரெண்டு காலும் வேணும்னுதான் ஆத்தாவே வேன் அனுப்பியிருக்கா. வேணாம்னா அவகிட்ட நீங்களே சொல்லிருங்க, நான் போறேன்.”

வீரமுத்து வேனைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அப்புறம் நொண்டிக்கொண்டே போய் முன் சீட்டில் ஏறிவிட்டார்!

“ரெண்டு நாள் பிந்தியிருந்தா கால எடுத்திருப்போம்” என்றார் டாக்டர். அவ்வளவுதான், கஸ்தூரிக்குத் தலைகால் புரியவில்லை. முன்பின் தெரியாத நர்ஸைக் கட்டிப்பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

ஆத்தா வேன் அனுப்பிய கதை தோட்டமெல்லாம் பரவியது. மறுவாரம் வேன் வந்ததும் பதினான்கு பேர் முண்டியடித்து ஏறினார்கள். கண்ணில் புரை, மூச்சிரைப்பு, பிரஷர். வீரமுத்துவின் மனைவி தேன்மொழி மார்பில் ஒரு கட்டியை ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளாம்.

“அடப் பாவிங்களா! இத்தன நோவையும் வச்சுக்கிட்டா மூணு வருஷமா காசு மட்டும் கட்டுனீங்க?”

கஸ்தூரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கதவு சாத்திக்கொள்ள மறுத்தது; முதுகைக் கொடுத்துத் தள்ளிச் சாத்தினாள். வேன் கிளம்பிய பிறகுதான் உறைத்தது, அவளுக்கு இடமே வைக்கவில்லை. நடுரோட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.